அப்பாரு வண்டிக்கு அலாய் வீலா? – பட்டறைப் பதில்கள்

போன இதழ்ல ஒரு பழைய ஜீப் பிக்கப்பைப் பிரிச்சு மேஞ்சு புதுசாக்குன படம் ஒண்ணு போட்டாலும் போட்டோமுங்க, இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல அதைப் பத்தித்தான். வீல் எங்க கிடைக்கும், எவ்வளவு எறக்கலாம், எவ்வளவு ஏத்தலாம்னு கேட்டவங்க நெம்பப் பேரு, பிரேக் புடிக்குமான்னு கேட்டவங்க ஒண்ணு ரெண்டு பேருதான். சரி, மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்தப் பக்கம் ஒட்டுக்கா இதுக்கே குடுத்துட்டோம்.

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. எங்க அப்பாரு காலத்து மகேந்திரா ஜீப்பு, லாங் சேஸ், பின்னாடி தொட்டி வெச்சது, சாளையில மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துல பல வருசமா நிக்குது. பெட்ரோல் எஞ்சின், இப்பவும் ஸ்டார்ட் ஆகுது. 31 இஞ்ச் டயரு, 10 இஞ்ச் அகல அலாய் போட்டு சித்தெ ஒசத்தி விடோணும்னு ஆசை. கடைக்காரரு ஆஃபர்ல வீல் தர்றேங்கறாரு, முதல்ல அதை வாங்கிப் போட்டுறலாமுங்களா? – ஒரு வாசகர், கவுந்தப்பாடி

பதில்: வாங்காதீங்க தம்பி. டயரு எந்த சைஸுன்னு முதல்லயே முடிவு பண்ணிக்குங்க, ஏன்னா வண்டி எவ்வளவு ஒசரம் நிக்கோணும், மட்கார்டுல எங்க ஒரசும், கியர் என்ன ஆகும் எல்லாமே அதை வெச்சுத்தான், ஆனா காசு குடுத்து எடுக்கறது கடைசில, சேஸு, பட்டை (வளைஞ்ச இரும்புத் தகடுகளை அடுக்கிக் கட்டுன லீஃப் ஸ்பிரிங்), பிரேக்கு எல்லாம் முடிஞ்சு வண்டி கீழ எறங்கி நின்னதுக்கப்புறம். ஆஃபர் எப்பவும் வரும். முதல்லயே வாங்கி வெச்சவங்க வீலு கவர் பிரிக்காம பட்டறை மூலையில கெடக்கும், வண்டி பக்கத்துல ஸ்டாண்டு மேல கெடக்கும், ரெண்டும் ஒண்ணு சேர்றதுக்குள்ள டயருக்கே வயசாயிரும்.

உங்க கணக்குலயே ஒண்ணு இடிக்குது பாருங்க. 31 இஞ்ச் ஒசரம், 10.5 அகலம், 15 இஞ்ச் ரிம்மு, அந்த டயரு 7 இஞ்ச்ல இருந்து 9 இஞ்ச் வரைக்கும் அகலமுள்ள ரிம்முக்குத்தான் பொருந்தும். 10 இஞ்ச் ரிம்முல இழுத்து மாட்டுனா சைடு வால் வெறைச்சுக்கும், காத்துக் கொறைஞ்ச நேரத்துல இட்டேறிக் கல்லு ஒண்ணு பட்டா ரிம்மை உட்டே நகந்துரும். உங்க வண்டிக்கு கம்பெனில குடுத்தது 6.00-16, ஒசரம் ஏறக்குறைய 29 இஞ்ச். என்னைக் கேட்டா 7 இஞ்ச் ரிம்முல 235/75 ஆர் 15 போடுங்க. கணக்குப் போட்டா ஒசரம் 733 மில்லி, பழைய டயரு ஒசரமேதான், அகலம் மட்டும் கண்ணுக்குத் தெரியும், ஸ்டியரிங் முழுசா ஒடிச்சாலும் பட்டையில ஒரசறது கம்மி. 31 இஞ்ச் போட்டீங்கன்னா 787 மில்லி, ஏழு சதவீதம் எச்சு, மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-க்கு மேல போகும், அந்தப் பழைய பெட்ரோல் எஞ்சினு மூணாவது கியர்ல ஏறுன மேட்டை ரெண்டாவதுல ஏறும். அதுக்கும் மேல, பிரேக்கு டிரம் அதேதான், டயரு பெருசாச்சுன்னா அதே மிதிக்கு ரோட்டுல கிடைக்கற புடி அந்த ஏழு சதவீதம் கொறையும். எல்லாரும் மறக்கறது இதைத்தான்.

வீல் பொருந்துமான்னு பாக்க கடைக்கெல்லாம் போக வேண்டாம். பழைய ஜீப்புல வீலை மாட்டற போல்ட்டு, அதாவது ஸ்டட்டு, அஞ்சு, அதுக நிக்கற வட்டத்தோட விட்டம் 5.5 இஞ்ச், அதாவது 139.7 மில்லி. அஞ்சு ஸ்டட்டுங்கறதால நேர் எதுருல அளக்க முடியாது, பக்கத்து பக்கத்து ஸ்டட்டோட நடுவுக்கு நடு அளங்க, 82 மில்லி வந்தா சரி. பொலேரோ, பழைய ஸ்கார்ப்பியோ, ஜிப்சி எல்லாமே இதே வட்டந்தான், அதனால நம்ம பக்கம் வீல் டிஸ்க்குக்குப் பஞ்சமில்லை. ஆனா நடு ஓட்டை வண்டிக்கு வண்டி மாறும், ஹப்பு அதுல உக்காருதான்னு மாட்டிப் பாத்துட்டுத்தான் எடுக்கோணும். இன்னொண்ணு, பழைய ஜீப்புகள்ல இடது பக்கத்து ஸ்டட்டு இடது மரையா (வழக்கத்துக்கு எதுர்த் திசையில சுத்துனாத்தான் கழலும்) இருக்கும், அது தெரியாம பையனுக பைப்பைப் போட்டு ஏறி மிதிச்சு ஸ்டட்டை ஒடிக்கறது நடக்கறதுதான்.

இனி பட்டைக்கு வர்றேன், வேலையே அங்கதான் இருக்குது. பல வருசம் நின்ன வண்டியில பட்டையைக் கழட்டி சென்டர் போல்ட்டை உருவுனீங்கன்னா ஒவ்வொரு பட்டைக்கும் நடுவுல துரு ஏடு ஏடா உதிரும். அதை ஒயர் பிரஷ்ல தேச்சுட்டு மெயின் பட்டையோட அடிப்பக்கம் பாருங்க, ரெண்டாவது மூணாவது பட்டையோட நுனி எந்த இடத்துல முட்டிக்கிட்டு இருந்துச்சோ அங்க நெகம் மாட்டற மாதிரி ஒரு குழி உழுந்திருக்கும். பட்டை ஒடையறது பெரும்பாலும் அந்தக் குழியில இருந்துதான். ஒவ்வொண்ணையும் கவுத்தில தொங்க உட்டு சுத்தியல்ல தட்டுங்க, நல்ல பட்டை கிண்ணுனு இழுத்துச் சத்தம் போடும், விரிசல் உட்டது பொத்துனு நின்னுரும். குழி ஆழமா இருந்தா, சத்தம் செத்திருந்தா அந்தப் பட்டை வேண்டாம், புதுசு அடிச்சு வாங்குங்க. மிச்சத்துக்கு கிராஃபைட் கிரீஸ் தடவி, புஷ்ஷு, ஷாக்கிள் பின்னு எல்லாம் புதுசு போட்டுப் பூட்டுங்க. பட்டையை ஆக்சிலோட சேத்துக் கட்டற யூ போல்ட் மட்டும் பழசை எந்தக் காரணத்துக்கும் திரும்பப் போடாதீங்க, ஒரு தடவை முறுக்கி இழுத்த போல்ட்டு நீண்டிருக்கும். சென்டர் போல்ட்டு ஆக்சில் எடத்தைக் காட்டறதுக்குத்தான், தாங்கறது யூ போல்ட்டு, அது லூஸானா சென்டர் போல்ட் வெட்டி ஆக்சில் ஒரு பக்கமாப் பின்னாடி போயிரும், வண்டி நண்டு நடையில போறதை ரோட்டுல பாத்திருப்பீங்க. பூட்டி கொஞ்சம் ஓட்டிட்டு வந்து மறுபடி முறுக்கோணும்.

பாதிப் பேரு வண்டியை ஒசத்தோணும்னு சொல்றது பட்டை படுத்துப் போனதுனாலதான். பட்டையைச் சரியா வளைவு ஏத்தி வாங்கிப் போட்டாலே கம்பெனி ஒசரம் வந்துரும், அப்புறம் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பட்டையைத் தூக்கி ஆக்சில் மேல வெக்கற வேலை வேண்டாமுங்க. ஒரேயடியா அஞ்சாறு இஞ்ச் ஏறிரும், ஸ்டியரிங் ராடு சாஞ்சுக்கும், குழியில எறங்கும்போது ஸ்டியரிங் தானாத் திரும்பும், எஞ்சின் இழுவையை ஆக்சிலுக்குக் கொண்டு போற ஜாயிண்ட் ராடு கோணம் மாறி அதிரும், பிரேக் ஹோஸு எட்டாது. அத்தனையும் ஒவ்வொண்ணா சரி பண்ணிட்டு வந்தா உங்க அப்பாரு வண்டியில பேரைத் தவிர எதுவும் மிஞ்சாது.

கேள்வி: தேங்காய் ஏத்திக்கிட்டு இருந்த டாடா 407 ஒண்ணு சொந்தமா இருக்குதுங்க, லோடு வேலை நிறுத்தியாச்சு. அதைக் குடும்பத்தோட வால்பாறை, டாப்ஸ்லிப்னு போற மாதிரி தங்கற வண்டியா மாத்தோணும். ஆனா வெறும் வண்டியில போனா இடுப்பே கழண்டுருது. என்ன ஷாக் அப்சர்வர் போட்டா சரியாகும்? – ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: எந்த ஷாக் அப்சர்வர் போட்டாலும் ஆகாதுங்க. 407 1986-ல வந்த நாள்ல இருந்தே லோடு இழுக்கற வண்டி, அதோட பின் பட்டை டன் கணக்குல தேங்காய் ஏறுனாத்தான் வளையும், வெறும் தொட்டிக்கு அது இரும்புத் தூணு. ஷாக் அப்சர்வர் ஆட்டத்தை அடக்கறதுக்கு, அடியை வாங்கறது பட்டைதான். அதைப் போய் இன்னும் ஸ்ட்ராங்கா, கேஸ் ஷாக் அது இதுன்னு மாட்டுனா இன்னுந்தான் தூக்கிப் போடும்.

முதல்ல இப்பவே போய் எடை மேடையில வண்டியைப் போடுங்க. நம்ம ஊர்ல எடை மேடைக்கு என்ன குறைச்சல், பருத்தி மில்லு பக்கத்துல ஒண்ணு, குடோன் பக்கத்துல ஒண்ணுன்னு இருக்குது. முன் சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு, கழிச்சா பின்னாடி எவ்வளவுன்னு வந்துரும். உள்ள கட்டில், தண்ணி டேங்கு, சிலிண்டர், பேட்டரி எல்லாம் ஏறுன பின்னாடி மறுபடி அதே மாதிரி போடுங்க. பட்டையைக் கழட்டறதா வேண்டாமான்னு அந்தச் சீட்டுதான் சொல்லோணும், ஏன்னா பாடி கட்டறவங்க தடி பிளைவுட்டும் இரும்புக் குழாயுமா அடிச்சு உட்டாங்கன்னா எடையே ஏறி, வண்டி தானா மெத்துனு ஆனாலும் ஆகும்.

கொறைக்கோணும்னு வந்தா கணக்கு இதுதான். ஒரே கனமுள்ள பட்டை ஒம்பது இருந்து மூணு எடுத்தா வெறைப்பு மூணுல ஒரு பங்கு கொறையும். கனத்துல கை வெக்கும்போது ஜாக்கிரதை, வெறைப்பு கனத்தோட மும்மடிக்கு ஏறும், 8 மில்லி பட்டைக்குப் பதிலா 10 மில்லி போட்டா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. எடுக்கறப்ப மெயின் பட்டையையும், அதோட கண்ணை (நுனியில சுருட்டுன வளையம்) சுத்திப் புடிச்சிருக்கற ரெண்டாவது பட்டையையும் தொடக்கூடாது, மெயின் ஒடைஞ்சா அந்த ரெண்டாவதுதான் உசுரைக் காப்பாத்தும். நடுவுல இருந்து எடுங்க, படி படியா நீளம் கொறையற வரிசை கெடாம எடுங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணு போல எடுங்க. கட்டு ஒல்லியாயிட்டதால யூ போல்ட் மரை பத்தாம நின்னுரும், அதுக்குத் தக்க புதுசு வாங்கோணும். காசு இருந்தா பாராபோலிக் பட்டை போடலாம், பட்டை எண்ணிக்கை கம்மி, நடுவுலயும் நுனியிலயும் மட்டுந்தான் ஒண்ணோட ஒண்ணு தொடும், ஒரசல் இல்லாததால சின்னக் குழிக்கெல்லாம் கூட அசைஞ்சு குடுக்கும்.

பட்டை எடுத்த வண்டியில மறுபடி தேங்காய் ஏத்தக்கூடாதுங்க. மச்சான் கேட்டாருன்னு ஒரு நடை குடுத்தீங்கன்னா போச்சு.

கேள்வி: ஏர் பேக் சஸ்பென்ஷன் போட்டா பட்டன் அமுக்குனா வண்டி எறங்கும் ஏறும்னு வீடியோவுல பாத்தேன். பழைய பிக்கப்புல பட்டையைக் கழட்டிட்டு ரெண்டு பேக்கை வெச்சுட்டா போதுமுங்களா? – ஒரு வாசகர், பல்லடம்

பதில்: போதாது. பட்டை ரெண்டு வேலை பாக்குது, வண்டி கட்டுன மாடே ஏரும் ஓட்டற மாதிரி. எடையையும் தாங்குது, ஆக்சில் முன்ன பின்ன, பக்கவாட்டுல போகாமப் புடிச்சும் வெக்குது. பேக்குக்குத் தாங்க மட்டுந்தான் தெரியும். பட்டையைக் கழட்டுனா ஆக்சிலைப் புடிக்க முன்னாடி நீளமான ஆர்மு வேணும், பக்கவாட்டுக்கு சேஸுல இருந்து ஆக்சிலுக்குக் குறுக்க ஒரு பன்ஹார்ட் ராடு வேணும், இல்லைன்னா நாலு லிங்க்கு வேணும், அதுக்கெல்லாம் பிராக்கெட்டு சேஸுல ஒழுங்காப் பூட்டோணும். அதோட கம்ப்ரெஸர், டேங்கு, வால்வு, பைப்பு, ஈரம் புடிக்காம இருக்க டிரையரு. ஒரு பைப்பு ரோட்டுல உட்டுருச்சுன்னா வண்டி தரையில ஒக்காந்துக்கும், அப்பவும் டயரு ஒரசாம, சேஸு ஆக்சில் மேல முட்டாம இருக்க பம்ப் ஸ்டாப் (முட்டைத் தாங்கற ரப்பர் கட்டை) எங்க நிக்கோணும்னு முதல்லயே பாத்து வெக்கோணும்.

சேஸுல பிராக்கெட் வெக்கறதைப் பத்தி ஒண்ணு. சேஸோட மேல், அடி மடிப்புல ஓட்டை போடவே கூடாது, வெல்டும் வெக்கக்கூடாது, இழுவையும் அமுக்கமும் அங்கதான் எச்சு. நடு முகத்துல ஓட்டை போட்டு போல்ட்டு. வெல்டு வெச்சே ஆகோணும்னா பேட்டரி ரெண்டு ஒயரையும் கழட்டிட்டு ஆரம்பிங்க.

கேள்வி: ப்ரோ, அமெரிக்கால செவர்லே சி10 பழைய பிக்கப் வண்டியெல்லாம் தரையோட தரையா அவ்வளவு அழகா இருக்கு. நம்ம ஊர் பழைய வண்டில மட்டும் ஏன் அந்த லுக் வர மாட்டேங்குது? – கல்லூரி மாணவர், கோவை

பதில்: லுக்கு வராம இல்லை தம்பி, அடியில இருக்கற எலும்பே வேற. 1960-ல இருந்து 1972 வரைக்கும் வந்த சி10-ல முன்னாடி ரெண்டு சக்கரமும் தனித்தனியா அசையற சஸ்பென்ஷன், ஆரம்பத்துல டார்ஷன் பார் (முறுங்கி ஸ்பிரிங் வேலை பாக்கற கம்பி), 1963-ல இருந்து காயில் ஸ்பிரிங். பின்னாடியும் பெரும்பாலும் காயில், ரெண்டு நீள ஆர்மு, ஒரு குறுக்கு ராடு. அந்த ஆர்மு டிசைனைத்தான் அமெரிக்காவோட நாஸ்கார் ரேஸ் வண்டியில பல காலமா வெச்சு ஓட்டுனாங்க. காயிலைச் சின்னதா மாத்துனாலே பாதி எறங்கிரும், முன்னாடி சக்கரம் பூட்டற ஸ்பிண்டில் ஒசரத்தை மாத்தித் தர்றதுக்குன்னே ரெடிமேடு சாமான் விக்கறாங்க, பின்னாடி ஆக்சில் மேல சேஸு முட்டுற எடத்துல வளைவா வெட்டியெடுத்து உள்ள தகடு வெச்சுப் பலப்படுத்துவாங்க. வீல் விசயத்துலயும் அங்க சிக்கல் உண்டு, 1970 வரைக்கும் ஆறு ஸ்டட்டு, 1971-ல முன் டிஸ்க் பிரேக் வந்தப்ப அஞ்சு ஸ்டட்டா மாத்திட்டாங்க, அதனால பழைய வண்டிக்காரங்க பிரேக்கும் சேந்து மாறட்டும்னு 71-க்கு அப்புறம் வந்த முன் பக்கத்தையே ஒட்டுக்காத் தூக்கி வெச்சுக்கறாங்க. அது எனக்கு நெம்பப் புடிச்ச யோசனை, வீல் மாத்தற சாக்குல பிரேக்கு நல்லதாயிருது.

நம்ம பழைய ஜீப்புல ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே இரும்பு ஆக்சில், அதுக்கு அடியில பட்டை. எறக்கலாம், மெயின் பட்டையோட கண்ணைத் தலைகீழா சுத்தி வாங்குனா கண்ணோட அளவுக்கு எறங்கும், பின்னாடி மட்டும் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல எடங்கேத்த பிளாக்கு வெக்கலாம். முன்னாடி ஆக்சிலுக்கு பிளாக்கு வெக்கற பேச்சே வேண்டாம், பிரேக் புடிக்கும்போது முன்னாடிதான் முறுக்கு எச்சு, பிளாக்கு சறுக்குனா ஸ்டியரிங் கையில இருந்தும் பிரயோசனம் இல்லை. அப்புறம், உங்க ஊட்டுல இருந்து காலேஜ் போறதுக்குள்ள எத்தனை வேகத்தடைன்னு எண்ணிட்டு எவ்வளவு எறக்கறதுன்னு முடிவு பண்ணுங்க. நம்மூர்ல பஞ்சாயத்துக்கு ஒரு அளவுல போட்டு வெச்சிருக்காங்க. நெசமாவே ஆசைன்னா அவினாசி ரோட்டுல ஜி.டி. கார் மியூசியம் இருக்குது, போய்க் குனிஞ்சு அடிப்பக்கம் பாருங்க, மேல பாத்து போட்டோ மட்டும் எடுத்துட்டு வராதீங்க.

கேள்வி: ஸ்டார் போட்ட பழைய பென்ஸ் லாரி ஒண்ணு எங்க குடும்பத்துல வெச்சிருக்கோம். ஓட்டறதுக்கு இல்லை, ஆயுத பூஜைக்கும் கோயில் நோம்பிக்கும் வெளிய எடுக்கறதுக்கு. டிஸ்க்கு ரிங்கு வெச்சது. புது வீல் போடலாமா? – ஒரு வாசகர், சங்ககிரி

பதில்: கட்டாயம் போடுங்க. 1954-ல டாடாவோட டெல்கோ கம்பெனியும் டெய்ம்லர் பென்ஸும் சேந்து ஜாம்ஷெட்பூர்ல ஆரம்பிச்ச வண்டி, 1969-ல அந்தக் கூட்டு முடிஞ்சு ஸ்டாரு போய் டாடா முத்திரை வந்துச்சு. மூக்கு நீட்டுன அந்த வண்டி சங்ககிரில நின்னா வேடிக்கை பாக்கக் கூட்டம் கூடுறதுல ஆச்சரியமில்லை, அதை வெச்சுப் பொழைச்ச ஊரு.

டயரைத் தனி இரும்பு வளையம் பூட்டிப் புடிக்கற ரிங்கு டிஸ்க்குதான் என் பயமே. துருப்புடிச்ச லாக் ரிங்கு காத்து அடிக்கும்போது தெறிச்சா ஆளையே அடிச்சுப் போட்டுரும், அதனாலதான் கூண்டுக்குள்ள வெச்சுக் காத்து அடிக்கச் சொல்றது. பழைய 9.00-20 டயருக்கு ஒசரத்துல நெருங்கி வர்றது 10 ஆர் 22.5 டியூப்லெஸ், 10.00-20-க்கு 11 ஆர் 22.5. அந்த டிஸ்க்கு ஒரே துண்டு, ரிங்கே கிடையாது. ஸ்டட்டு எண்ணிக்கை, வட்டம், நடு ஓட்டை மூணும் அளந்துட்டு வாங்குங்க, பின்னாடி ஜோடி டயருக்கு நடுவுல சந்து விடுதான்னு மாட்டிப் பாருங்க, ரெண்டும் உப்பி ஒரசுச்சுன்னா சூடேறி வெடிக்கும். பட்டையை மாத்தாதீங்க, வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை கோயிலுக்குப் போற வண்டி குலுங்குனா குலுங்கிட்டுப் போகட்டும். மரவேலையும் பெயிண்டும் நாமக்கல்லுல குடுத்துருங்க, கதவுல எழுதற எழுத்து உட்பட அந்த வேலைக்கு அங்கதான் கை இருக்குது.

கேள்வி: வீலுக்கும் ஹப்புக்கும் நடுவுல ஸ்பேசர் வெச்சா வண்டி அகலமாத் தெரியும்ல? – ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: தெரியும். பேரிங்கும், முன் சக்கரம் திரும்பறதுக்கு அச்சா இருக்கற கிங் பின்னும் சீக்கிரம் போறதும் தெரியும். வெச்சே ஆகோணும்னா ஹப்புல கச்சிதமா உக்கார்ற மாதிரி கடைஞ்சது வையுங்க, நட்டு மரையில ஏறுற ஆழம் ஸ்டட்டோட விட்டத்துக்குக் கொறையக்கூடாது, அலாய்க்குக் கூம்பு நட்டா, உருண்டை நட்டான்னு பாத்துப் போடுங்க, மாத்திப் போட்டா முறுக்குன மாதிரி இருக்கும், நிக்காது.

கேள்வி: பட்டை ஒண்ணு ஒடைஞ்சிருச்சு, வெல்டு வெச்சுத் தர்றேன்னு சொல்றாங்க, சரியா வருமா? – ஒரு வாசகர், அந்தியூர்

பதில்: வராது. வெல்டு சூட்டுல பக்கத்து இரும்போட பதம் போயிரும், அடுத்த குழியில வெல்டுக்கு ஒட்டுன எடத்துலயே முறியும். காய்ச்சி வளைக்கறதும் அப்படித்தான், திரும்பப் பதம் ஏத்தறதுக்குச் சூளை வெச்சிருக்கறவங்க கிட்ட மட்டும் குடுங்க.

கேள்வி: எங்க ஊட்டுக்காரரு பழைய ஜீப் பிக்கப் வாங்கி ஒரு வருசமா பட்டறையில போட்டு எல்லாத்தையும் மாத்திக்கிட்டு இருக்காருங்க. ஆர்.டி.ஓ. புடிச்சா என்ன ஆகும்? 50 வருசம் தாண்டுன வண்டிக்குத் தனி நம்பர் தர்றாங்களாமே, அது வாங்கிட்டா தப்பிச்சரலாமா? – ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அம்மணி, இந்தக் கேள்வியை அவரு வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கோணும், பரவால்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ஆவது பிரிவு இதுக்குத்தான். ஆர்.சி.-யில இருக்கற விவரம் கம்பெனி குடுத்ததுல இருந்து மாறிப் போற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுங்கறாங்க, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. அனுமதி இல்லாம மாத்துன ஓனருக்கு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா, இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லைன்னா ரெண்டும்னு 182ஏ பிரிவுல இருக்குது. அதை விடப் பெருசு, ஏதாவது ஒண்ணு ஆயிப் போச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல தேடறது வண்டியில எது மாறியிருக்குதுன்னுதான். தேஞ்ச பட்டைக்குப் பதிலா அதே மாதிரி பட்டை, அதே அளவு டயரு, பிரேக் சாமான், இதெல்லாம் ரிப்பேரு, பயப்பட வேண்டாம். எஞ்சின், சேஸு நீளம், பாடி வகை, இருக்கை எண்ணிக்கை, இதுல எது மாறுனாலும் முதல்ல ஆர்.டி.ஓ. ஆபீஸ், அப்புறம் பட்டறை.

அந்தத் தனி நம்பரு 2021-ல வந்த விண்டேஜ் விதி. முதல் பதிவுல இருந்து 50 வருசம் தாண்டுன, வியாபாரத்துக்கு ஓடாத ரெண்டு சக்கர, நாலு சக்கர வண்டிக்கு. நம்பர் நடுவுல வி.ஏ.ன்னு வரும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, பத்து வருசத்துக்குச் செல்லும். ஆனா அதுக்கு வண்டி ஒரிஜினலா இருக்கோணும், சேஸு, பாடி, எஞ்சின்ல பெருசா கை வெச்சிருக்கக்கூடாது, தெனமும் ரோட்டுல ஓட்டவும் கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டுந்தான். இஷ்டத்துக்கு மாத்துனதும் விண்டேஜும் ஒரே வண்டியில கிடைக்காது, அவரு ஒண்ணைத் தேர்ந்தெடுத்தாகோணும்.

சொல்ல மறக்கக்கூடாதது இன்னொண்ணு. சேஸைத் தேச்சுப் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி, முக்கியமா மணல் அடிக்கறதுக்கு முன்னாடி, சேஸ் நம்பர் அடிச்ச எடத்துல டேப்பு ஒட்டி மூடச் சொல்லுங்க, அதுக்கும் முன்னாடி பென்சில் பிரிண்ட் எடுத்து பீரோவுல வெச்சுக்குங்க. நம்பர் மங்கிருச்சுன்னா அடுத்த எஃப்.சி.க்கு அவரு அலையற அலைச்சலைப் பாக்க முடியாது.

கேள்வி: என்னோட பழைய ஜீப்புல 31 இஞ்ச் டயரு ஏற்கெனவே போட்டாச்சுங்க. பண்ணாரில இருந்து திம்பம் ஏறும்போது ஒண்ணுமில்லை, எறங்கும்போது பாதியில பிரேக் மெதுமெதுன்னு உள்ள போகுது. லைனிங் புதுசுதான். – ஒரு வாசகர், சத்தியமங்கலம்

பதில்: 27 கொண்டை ஊசி வளைவு, டிரம் பிரேக்கு, பெரிய டயரு, இது மூணும் சேந்தா அப்படித்தான் ஆகும். டயரு பெருசானதால பிரேக் புடியும் கொறைஞ்சுது, கியர்ல வர்ற எஞ்சின் புடியும் கொறைஞ்சுது, மிச்ச வேலை எல்லாம் டிரம்மு தலையில, அது சூடேறி விரியுது, லைனிங் எட்டிப் போய்ப் புடிக்கோணும். ஆயில் பழசா இருந்தா அதுல ஏறுன ஈரம் கொதிச்சுக் காத்தாயிரும், பெடல் மெதுமெதுன்னு போறது அதுனாலதான். இன்னைக்கே பிரேக் ஆயிலை ஒட்டுக்கா மாத்தி ஏர் எடுங்க. ஏறுன கியருக்கு ஒரு கியர் கொறைச்சு எறங்குங்க, மிதிச்சுப் புடிச்சுக்கிட்டே வராம விட்டு விட்டு மிதிங்க.

அது இப்போதைக்கு. பழைய ஜீப்புல மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளறது) ஒரே வழி, எங்கயாவது ஒரு பைப்பு கசிஞ்சாலும் நாலு சக்கரத்துக்கும் போயிரும். ரெண்டு வழி இருக்கற டேண்டம் மாஸ்டர் சிலிண்டரா மாத்துங்க, முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி. அதே கையோட முன்னாடி டிஸ்க் பிரேக்கும், மிதிக்கு வலு சேக்கற பூஸ்டரும் போட முடிஞ்சா போடுங்க. அதுக்குக் காசில்லைன்னா 31 இஞ்ச் டயரைக் கழட்டி வித்துட்டுப் பழைய அளவே போடுங்க, நான் சொல்றது கோவம் வந்தாலும் பரவால்லை. திம்பத்துல லாரி எதுத்தாப்புல வரும்போது லுக்கு உதவாது.

கேள்வி: டயரு மாத்துனதுல இருந்து 50-க்கு மேல போனா ஸ்டியரிங் உதறுது. அலைன்மெண்ட் ரெண்டு தடவை பாத்தாச்சு. – ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: ஜாக்கி போட்டு முன் சக்கரத்தை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாருங்க, கிங் பின் ஆட்டம் அங்க தெரியும். பக்கவாட்டுல புடிச்சு ஆட்டுனா டை ராடு எண்டு (ரெண்டு முன் சக்கரத்தையும் சேக்கற ராடோட முனை) ஆட்டம் தெரியும். ரெண்டும் நல்லா இருந்தா பட்டை மாத்தும்போது காஸ்டர் கோணம் (கிங் பின் முன்ன பின்ன சாஞ்சிருக்கற அளவு) கெட்டிருக்கும், ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஆப்பு மாதிரி சரிவாத் தகடு வெச்சு அதைச் சரி பண்ணுவாங்க. உதறலை அமுக்கறதுக்கு ஸ்டியரிங் டேம்பர் வித்துருவாங்க, அதை மட்டும் மாட்டிட்டு வந்துறாதீங்க.

கேள்வி: என்ன கலர் அடிக்கலாம்? – ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: சாம்பல் நெற மயிலைக் காளையோட ஊர்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்கறீங்க.

கேள்வி: பழைய வண்டிக்குத்தானேன்னு செகண்ட் ஹேண்ட் டயரு பாத்து வெச்சிருக்கேன், பட்டன் எல்லாம் புதுசு மாதிரியே இருக்குது. எடுக்கலாமா? – ஒரு வாசகர், உடுமலை

பதில்: பட்டனைப் பாத்து எடுக்காதீங்க. சைடு வால்ல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கற எழுத்து வரிசையில கடைசி நாலு நம்பரைப் பாருங்க, 2319-ன்னு இருந்தா 2019-ல 23-ஆவது வாரம் செஞ்சது. மூணு நம்பர்தான் இருந்துச்சுன்னா 2000-க்கு முன்னாடி செஞ்சது, கையில கூடத் தொடாதீங்க. நாலு டயருக்கும் தேதி பாருங்க, கடைக்காரங்க நல்லதை வெளிப்பக்கம் வெச்சிருப்பாங்க. பட்டன் சந்துல நெகத்தை வெச்சு விரிச்சுப் பாருங்க, மயிர் மாதிரி கீறல் ஓடுனா ரப்பர் காஞ்சு போச்சு, பட்டன் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். ஒரே ஆக்சில்ல ரேடியலும் நைலானும் கலந்து மட்டும் மாட்டிறாதீங்க.